வெட்டுப்புள்ளியும் நம் வீட்டுப் பிள்ளையும்

பிரியமான தாய் தந்தையரே,

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்ததும் பிள்ளைகள் பேனாவும் கையுமாய் ஆசீர்வாதத்துக்கு வரிசையில் நிற்பார்கள். பெறுபேறு வந்தபின் வரும் ஞாயிறன்றோ அவர்களில் சிலரைக் காண்பதில்லை. விசாரித்தால், "வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைஞ்சு போச்சுது சுவாமி, வெளியில வர வெட்கப்படுகிறான்" என்பார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த வெட்கத்தைக் கற்பித்தவர் யார்?

இப்பரீட்சை எதற்காக ஏற்பட்டது என்பதை முதலில் அறிவோம். 1940-களில், கல்வி மந்திரியாயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் காலத்தில், கிராமத்து ஏழைப் பிள்ளைகளுள் திறமையுள்ளவர்களைத் தெரிந்து, மத்திய பாடசாலைகளிலே படிக்க வைக்கவே இது தொடங்கிற்று. 1945-இல் இலவசக் கல்வியும் வந்தது. ஆகவே இது ஏழைக்கு வைத்த ஏணி; எல்லாப் பிள்ளைகளையும் அளக்கும் முழக்கோல் அன்று.

இன்று நடப்பதென்ன? ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதற்குத் தோற்றுகிறார்கள். உதவிப் பணமோ வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கே உரியது. மற்றவர்கள் தேடுவது பேர்பெற்ற பாடசாலையில் ஆறாம் தரத்துக்கு ஓரிடம். மேல்வகுப்புள்ள பாடசாலையிலே ஏற்கனவே படிக்கும் பிள்ளை, இப்பரீட்சை இல்லாமலே அங்கு ஆறாம் தரத்துக்குப் போகலாம். அவனையும் விடிய ஒரு வகுப்பு, பின்னேரம் ஒரு வகுப்பு என்று ஓடவிடுகிறோமே, எதற்காக? அயலவர் கேட்கும்போது சொல்ல நமக்கொரு புள்ளி வேண்டுமென்பதற்காக அல்லவா?

இருநூறு புள்ளிக்கு நடக்கும் இப்பரீட்சையில் வெட்டுப்புள்ளி எட்டாத பிள்ளைக்கு எந்தக் கதவும் அடைபட்டுப் போவதில்லை. பதினோராம் தரத்தில் சாதாரணதரப் பரீட்சை அவனுக்கும் உண்டு. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவு செய்வது உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டே; ஐந்தாம் தரப் புள்ளியை அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

ஆதலால் பெற்றோர் மூன்று காரியங்களைக் கைக்கொள்வீர்களாக. முதலாவது, பிள்ளையின் நித்திரையையும் விளையாட்டையும் வகுப்புக்காகப் பறியாதீர்கள். இரண்டாவது, அண்ணன் புள்ளியையும் அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியையும் அவன்முன் எடுத்துப் பேசாதீர்கள். மூன்றாவது, பெறுபேறு வரும் நாளில் புள்ளியைப் பார்க்குமுன் பிள்ளையை அணைத்துக்கொள்ளுங்கள். பார்த்தபின் அணைத்தால், அது புள்ளிக்குக் கிடைத்த கூலி என்றே அவன் எண்ணுவான்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சித்தியடைந்தோரின் பெயர்களை ஆண்டுதோறும் பூசை முடிவில் நானே வாசித்து வந்தேன். வாசிக்கப்படாத பெயர்களுக்குரிய பிள்ளைகளும் வாங்குகளில் இருந்ததை எண்ணினேனில்லை. இனி வாசிக்கமாட்டேன்.

பரீட்சைக்கு முன் ஆசீர்வாதத்துக்கு அழைத்து வந்த பிள்ளைகள் எல்லாரையும், பெறுபேறு வந்த ஞாயிறும் அழைத்து வாருங்கள். புள்ளி கேளாமலே ஆசீர்வதிப்பேன்.

உங்கள் பங்குச் சுவாமி