ஒரே மூலக்கூறில் ஒரு ஸ்விட்ச்!

மெமரி என்பது 0, 1 என்ற இரு நிலைகளில் நிற்கும் ஸ்விட்ச்களின் கூட்டம்தான். அந்த ஸ்விட்ச் எவ்வளவு சிறியதாகலாம் என்பது கல்லூரி நாளிலிருந்தே என் சந்தேகம்.

2007ல் சூரிச் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் விடை கிடைத்தது. தாமிரத்தின் மேல் மெல்லிய உப்புப் படலம். அதன்மேல் நாப்தலோசயனின் என்ற ஒற்றை மூலக்கூறு. ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப்பின் ஊசி அதைத் தொடாமல் நிற்கும்; எலக்ட்ரான்கள் இடைவெளியைத் தாண்டிச் செல்லும். வோல்டேஜைக் கூட்டினால் மூலக்கூறின் நடுவிலுள்ள இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் இடம் மாறும். குறைத்தால் இருந்த நிலையிலேயே நின்றுவிடும். ஊசியை நகர்த்தாமல் கரண்ட்டை அளந்தால் 0வா, 1ஆ என்று தெரியும். வெளி உருவம் மாறாததால், பக்கத்து மூலக்கூறுகளுடனும் இணைக்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான்.

உடனே ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிடாதீர்கள். சோதனை நடந்தது மைனஸ் 268 டிகிரி செல்சியஸ் குளிரில்!