ஐயா மூன்றாம் முறை கேட்கும்போது

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ காப்புறுதி, யூனிட் டிரஸ்ட் வேலை பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இருபது வருடப் பழக்கமாக இருப்பார்கள். பாலிசி எடுத்தபோது ‘அண்ணே’ என்று கூப்பிட்டவரை இப்போது ‘ஐயா’ என்கிறார்கள். அந்த ஐயா அரை மணி நேரத்தில் ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்கிறார். என்ன செய்வது?

“வயசாயிருச்சு, மறதி வரத்தானே செய்யும்.”

சாவியைத் தேடுவது வயது. முப்பது வருடம் தவறாமல் கட்டியவர் தவணையை விடுவது வேறு. 2018 தேசிய சுகாதார ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டிய மலேசியர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கக்கூடும். தனியாக வாழும் முதியவர்களைப் பற்றி 2020-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, நோய் கண்டறியப்படுவதற்கு 6 ஆண்டுகள் முன்பே சிலருக்குக் கட்டணங்கள் தவறத் தொடங்கியதைக் கண்டது. மருத்துவர் பார்க்கும் முன்பே கணக்குப் பார்ப்பவர் கண்ணில் படுகிற நோய் இது.

“டாக்டர் டிமென்ஷியான்னு எழுதிட்டா கையெழுத்துச் செல்லாது.”

அப்படியில்லை. தொடக்க நிலையில் இருப்பவர் பல முடிவுகளைத் தெளிவாகவே எடுப்பார். காலையில் சந்தியுங்கள், ஒரு நாளைக்கு ஒரே விஷயம் பேசுங்கள்.

“மகன் பேருல பவர் ஆஃப் அட்டர்னி இருக்கு, கவலையில்லை.”

நான் அதிகம் கேட்பதும் இதைத்தான், அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தவர் என்று தீர்ப்பாகிவிட்டால் சாதாரண பவர் முடிந்துபோகும். மழைக்கென்று வாங்கிய குடை, மழை வந்ததும் மடங்கிக்கொள்கிற கதை. சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம், புத்தி தடுமாறிய பின்னும் நிலைக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு வழிசெய்தது. இங்கே அதற்கு ஈடானது இல்லை. 2001 மனநலச் சட்டத்தின் கீழ் உயர்நீதிமன்றம் போய், விசாரணை நடந்து, சொத்தைக் கவனிக்க ஆள் நியமிக்க வேண்டும். வழக்கறிஞர் செலவு வேறு. ஈபிஎஃப்பில் நோமினி போட்டிருக்கிறோமே என்பார்கள். அது செத்த பிறகுதான் பேசும். பெயரை மறந்துபோய் உயிரோடு உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் பயனில்லை.

“சந்தேகம்னா பிள்ளைக்கு ஒரு போன் போட்டாப் போச்சு.”

வாடிக்கையாளரின் கணக்கு விவரம் 2013 நிதிச் சேவைச் சட்டப்படி ரகசியம். தவிர, பணத்தை உருவுவதே அந்தப் பிள்ளையாக இருந்தால்? அமெரிக்காவில் 2018 முதல், பங்குத் தரகு நிறுவனங்கள் ‘நம்பகமான தொடர்பாளர்’ ஒருவரின் பெயரைக் கேட்டு வைக்க முயல வேண்டும் என்பது விதி. அவருக்குத் தகவல் சொல்லலாம். காசைத் தொடும் அதிகாரம் அவருக்கு அதனால் வந்துவிடாது. நாமும் ஐயா தெளிவாக இருக்கும்போதே பெயர் கேட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்கி வைக்கலாம். மோசடிக்காரனுக்குப் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், மோசடிப் புகார் எண் 997-ஐ உடனே அழையுங்கள்.

பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய அல்ஸைமர் நோய் அறவாரியம் இருக்கிறது. நம் முகவர்கள் விற்பனைப் பயிற்சிக்குப் போகும் நாட்களில் ஒன்றை அந்தப் பக்கம் திருப்பலாம். அதுவரை ஒரே ஒரு பழக்கம். “புரிஞ்சுதா ஐயா?” என்றால் நம் பெரியவர்கள் மரியாதைக்காகவாவது தலையாட்டிவிடுவார்கள். அதை விட்டுவிட்டு, “வீட்டுக்குப் போனதும் அம்மா கேப்பாங்க, இந்தத் திட்டம் என்னான்னு சொல்வீங்க?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேனா உங்கள் பையிலேயே இருக்கட்டும்.