கானமயில்: பெயரில் மட்டுமே மயில்

திருச்சிராப்பள்ளியை அடுத்த விராலிமலை மயில்களுக்குப் பெயர்பெற்றது என்பதால், இவ்வட்டாரத்தார் கானமயிலையும் காட்டில் திரியும் மயில் என்றே எண்ணுவது இயல்பு. ஆனால் அது புல்வெளித் தரையில் வாழும் வேறொரு பெரும்பறவை. முற்காலத்தில் தமிழகத்திலும் வாழ்ந்து, இன்று இங்கு அறவே அற்றுப்போனது.

நம்பிக்கை: கானமயில் மயிலின் ஒரு வகை.

உண்மை: மயில் கோழியினத்தைச் சார்ந்தது, கானமயில் அதனின்று வேறான ஓட்டிடிடே குடும்பத்தைச் சேர்ந்தது. மயில் இரவில் மரத்தில் அடைய, பின்விரல் இல்லாத கானமயில் கிளையைப் பற்ற இயலாமல் தரையிலேயே தங்குகிறது. பெட்டையைக் கவர, ஆண் பறவை தன் தொண்டைப் பையை, அதாவது கழுத்தின் முன்புறத்தில் தொங்கும் தோற்பையை, காற்றால் உப்பச்செய்து ஆழ்ந்த ஒலி எழுப்புகிறது.

நம்பிக்கை: உடல் கனத்தால் அது பறக்காது.

உண்மை: ஏறத்தாழ 1 மீட்டர் உயரமும், ஆணாயின் 15 கிலோ வரை எடையும் கொண்டிருந்தும் அது வலுவாகப் பறக்கும். கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நேர் எதிரில் உள்ள மின்கம்பியை அது தொலைவிலேயே காண்பதில்லை. அருகில் வந்தபின் கனத்த உடலைச் சட்டென்று திருப்பவும் முடியாமல் மோதி இறக்கிறது.

நம்பிக்கை: வேட்டை நின்றால் இனம் தானே பெருகும்.

உண்மை: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தும் சரிவு நிற்கவில்லை, ஓர் ஈட்டுக்குப் பெரும்பாலும் ஒரே முட்டையை வெறுந்தரையில் இடுவதால், நாய்க்கும் நரிக்கும் இழந்ததை ஈடுசெய்ய நெடுங்காலம் பிடிக்கிறது. 2011இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்ட இப்பறவை, இருநூறுக்கும் குறைவாக, பெரும்பாலும் ராஜஸ்தானின் ஜெய்சால்மர் பகுதியில் எஞ்சியுள்ளது.

நம்பிக்கை: புல்வெளி தரிசு, மரம் நட்டால் வளம்பெறும்.

உண்மை: காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கத்தின் பசுமையில் பழகிய கண்ணுக்கு வறண்ட புல்வெளி வெறுமையாகத் தோன்றலாம். கானமயிலுக்கோ வெட்டுக்கிளியும் வண்டும் ஓணானும் இலந்தைப்பழமும் தரும் உணவுக்களம் அதுவே. எதிரியைத் தொலைவிலேயே கண்டுகொள்ள உதவும் திறந்தவெளியும் அதுவே. அங்கு அடர்த்தியாக மரம் நடுவது அதன் வீட்டை அடைப்பதாகும்.

ஆகவே, புல்வெளியைத் தரிசு என்று கருதும் வழக்கத்தைக் கைவிடுவதே கானமயிலைக் காப்பதன் முதற்படி.