கடைத் திரைகளும் கரண்ட் பில்லும்



குண்டு பல்பை மாற்றினோம், டியூப் லைட்டை மாற்றினோம். இன்று எல்.இ.டி. விளக்கு போடாத கடை அபூர்வம். ஆனால் விளக்கில் மிச்சம் பிடித்ததைத் திரைகளுக்குத் தாரை வார்த்துக் கொண்டிருக்கிறோம். ஒரு நடுத்தர மளிகைக் கடையை எடுத்துக் கொள்ளுங்கள். பில் போடும் கணிப்பொறிக்கு ஒரு திரை, கேமராவுக்கு ஒரு திரை, சுவரில் விளம்பரம் ஓட ஒரு டி.வி., வாசலில் ஓடும் எழுத்துப் பலகை, எடை மெஷினில் இலக்கத் திரை. கடை திறந்தது முதல் ஷட்டர் இறக்கும் வரை எல்லாம் எரிகின்றன. கேமராத் திரை ஷட்டர் இறக்கிய பிறகும் எரிகிறது.

இவற்றில் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று அறிய, திரை எப்படி ஒளி தருகிறது என்பதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும். நம் கடையில் இருப்பவை இரண்டு வகை.

டி.வி.யும் கணிப்பொறித் திரையும் பெரும்பாலும் எல்.சி.டி. வகை. கடையில் 'எல்.இ.டி. டி.வி.' என்று விற்பதும் இதுவே. இதில் திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்து கொண்டிருக்கும். முன்னால் உள்ள படலம் அந்த ஒளியை விடவோ மறைக்கவோ செய்யும், அவ்வளவுதான். ஜன்னலைச் சாத்தினால் அறைக்குள் எரியும் விளக்கு அணைந்து விடுமா? அதுபோலத்தான், திரையில் கருப்புப் படம் ஓடினாலும் பின்விளக்கு எரிந்து கொண்டே இருக்கும், மீட்டரும் ஓடும். பின்விளக்கைப் பகுதி பகுதியாகத் தானே குறைத்துக் கொள்ளும் விலை உயர்ந்த டி.வி.க்கள் உண்டு. நம் கடைகளுக்கு அவை தேவையில்லை.

வாசலில் ஓடும் எழுத்துப் பலகை வேறு வகை. அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனி விளக்கு. 32 சென்டிமீட்டர் நீளம், 16 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒரு பலகைத் துண்டில் 512 புள்ளிகள் இருக்கும். எரியாத புள்ளிக்கு ஏறக்குறைய செலவே இல்லை.

டி.வி.யில் மிச்சம் பிடிக்க வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். புதிதாக வாங்கிய டி.வி.யைக் கடைக்காரர் நம்மைக் கவர்வதற்காகக் கண் கூசும் அளவுக்கு வைத்துக் காட்டியிருப்பார். பெரும்பாலோர் அதை அப்படியே கொண்டு வந்து மாட்டி விடுகிறோம். படத்துக்கான அமைப்பில் வீட்டு உபயோகம் என்பதைத் தேர்ந்தெடுத்து, பின்விளக்கைப் பாதிக்குக் கொண்டு வாருங்கள். வெயில் நேரே விழும் வாசலில் இருந்தால் ஒழிய, வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது.

எவ்வளவு மிச்சம் என்பதை அடுத்தவர் சொல்லி நம்ப வேண்டாம். நம் மீட்டரே சொல்லும். மின்னணு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்னிக் கொண்டிருக்கும். அதன் அருகே 3200 அல்லது 1600 போன்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். ஒரு யூனிட் ஓட அந்த விளக்கு அத்தனை தடவை மின்ன வேண்டும் என்று பொருள். கூட்டம் இல்லாத நேரத்தில் ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் 10 நிமிடம் நிறுத்தி, டி.வி.யை மட்டும் ஓட விட்டு மின்னலை எண்ணுங்கள். 10 நிமிடத்துக்கு ஃபிரிட்ஜில் ஒன்றும் கெட்டுப் போகாது. மீட்டரைத் தொட வேண்டிய வேலை இதில் இல்லை, கண்ணால் பார்த்தால் போதும்.

எங்கள் மண்டியில் 43 அங்குல டி.வி. ஒன்று உண்டு, மீட்டர் 3200 வகை. கண் கூசும் வெளிச்சத்தில் 10 நிமிடத்தில் 48 தடவை மின்னியது. மணிக்கு 288. அதை 3200 ஆல் வகுத்தால் 0.09 யூனிட், அதாவது 90 வாட். வெளிச்சத்தைப் பாதியாக்கி எண்ணியபோது 28 தடவை. இது 52 வாட்டுக்குச் சற்று மேல். வித்தியாசம் 37 வாட்டுக்குக் குறையாது.

தினம் 14 மணி நேரம் ஓடினால் மிச்சம் அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். இரண்டு மாத பில்லில் சுமார் 31 யூனிட் குறையும். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள். கணக்குக்காக யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் 310 ரூபாய். இது என்ன பெரிய தொகை என்று கேட்பவர்கள், நூற்றுக்கு 3 ரூபாய் நிற்கிற சரக்கில் 310 ரூபாய் மிஞ்ச எவ்வளவு விற்க வேண்டும் என்று கணக்கிடட்டும். பத்தாயிரத்துக்கு மேல் விற்க வேண்டும். அதில் பாதி கடனுக்குப் போய்விடும் என்பது நமக்குத் தெரியாததா!

எழுத்துப் பலகைக்கு வைத்தியம் வேறு. அங்கே எத்தனை புள்ளி எரிகிறது என்பதே செலவு. வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து ஓட விடுவது நஷ்டம். பல வண்ணப் பலகையில் வெள்ளை தெரிய வேண்டுமானால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து எரிய வேண்டும். கருப்புப் பின்னணியில் ஒரே நிறத்தில் எழுத்து ஓடினால் போதும், தூரத்தில் வருபவருக்கும் நன்றாகத் தெரியும். பகல் வெயிலுக்கு வைத்த வெளிச்சம் இரவுக்கு வேண்டாம். நேரம் பார்த்துத் தானே குறையும் வசதி பல பலகைகளில் இருக்கிறது. மாட்டுகிறவரிடம் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். சுற்றி ஓடும் பூ வேலைப்பாடுகளால் ஒரு கிலோ துவரம் பருப்பு கூடுதலாக விற்றதாக நான் பார்த்ததில்லை.

கணிப்பொறித் திரையில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. மீன் நீந்துவதும் கடை பெயர் சுற்றுவதும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று நினைக்கிறார்கள். அது பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஒரே எழுத்து நெடுநேரம் நின்று தழும்பு விழாமல் இருக்க வந்த ஏற்பாடு. பின்விளக்கு எரிகிறவரை மிச்சம் எதுவும் இல்லை. 5 நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை அணையும்படி அமைக்க வேண்டும். அமெரிக்க அரசு 1992இல் எனர்ஜி ஸ்டார் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் கை வைத்ததே கணிப்பொறியிலும் அதன் திரையிலும்தான். விசையைத் தொட்டவுடன் திரை வந்துவிடும், பில் ஒன்றும் அழியாது. கரண்ட் போய் யு.பி.எஸ்.ஸில் ஓடும்போது, வெளிச்சம் குறைத்த திரையால் பேட்டரியும் கூடுதல் நேரம் தாக்குப் பிடிக்கும்.

கேமராவைப் பொறுத்தவரை, பதிவு செய்வது பெட்டிதான், திரை அல்ல. பெட்டி இரவு முழுதும் ஓட வேண்டும், திரை ஓட வேண்டியதில்லை. பூட்டிய கடையில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

ரிமோட்டில் அணைத்த டி.வி.யைப் பற்றிச் சிலர் அதிகம் கவலைப்படுகிறார்கள். இந்நாளைய டி.வி. அப்படி உறங்கும்போது அரை வாட், ஒரு வாட்டுக்கு மேல் எடுப்பதில்லை. செட் டாப் பாக்ஸ் அப்படியல்ல, உறங்குவது போலத் தெரிந்தாலும் இழுத்துக் கொண்டே இருக்கும். அதைச் சுவர் சுவிட்சில் அணைப்பது நல்லது.

எடை மெஷினின் இலக்கத் திரையில் மட்டும் கை வைக்காதீர்கள். அதன் செலவு மிகச் சிறிது. வாங்குபவர் பக்கம் உள்ள இலக்கம் மங்கினால் எடையில் சந்தேகம் வந்துவிடும். அதை நிறுத்துவதற்காக மெஷினைத் திறந்தால் முத்திரையும் போய்விடும். புது மெஷின் வாங்கும்போது, கரண்ட் அடிக்கடி போகிற ஊர்க்காரர்கள் சிவப்பு இலக்கத்துக்குப் பதிலாக எல்.சி.டி. இலக்கம் உள்ளதைக் கேட்கலாம். பின்விளக்கை அணைத்து வைத்தால் பேட்டரி வெகுநேரம் நிற்கும். ஆனால் சந்தைத் திடலிலும் இருட்டு மூலையிலும் வியாபாரம் செய்பவர்களுக்குச் சிவப்பு இலக்கமே சரி.