கன்றுத் தோல் கற்றுத்தரும் கொள்முதல் பாடம்

விற்பனையில் கெட்டிக்காரர்களாக இருக்கும் வணிகர்கள் பலர், கொள்முதல் என்று வரும்போது விலையை மட்டுமே பார்க்கிறார்கள். மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைத்துத் தருபவரிடம் சரக்கு வாங்கிவிட்டு, பத்து ஆண்டுகளாக நல்ல சரக்குத் தந்தவரை மறந்துவிடுகிறார்கள். தரமான சரக்கு எங்கிருந்து வருகிறது, அது நாளையும் கிடைக்குமா என்று யோசிப்பவர்கள் குறைவு. பிரான்ஸ் நாட்டுத் தோல் தொழிலில் நடந்த ஒரு மாற்றம் இதைப் பற்றி நமக்கு நல்ல பாடம் சொல்கிறது.

அன்னோனே நகரம்

பிரான்சின் லியோன் மாநகருக்குத் தெற்கே, ஆர்தேஷ் மாவட்டத்தில் அன்னோனே என்ற சிறு நகரம் இருக்கிறது. 1783-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி மோன்கோல்ஃபியே சகோதரர்கள் வெப்பக்காற்று பலூனை மக்கள் முன்னிலையில் பறக்கவிட்ட ஊர் இதுதான். அவர்கள் காகித ஆலைக் குடும்பத்தினர். காகிதத்துக்கும் தோலுக்கும் தண்ணீர்தான் உயிர். இரண்டு சிறு ஆறுகள் கூடும் இந்த ஊரில் இரண்டு தொழில்களும் வேரூன்றின.

19-ஆம் நூற்றாண்டிலிருந்து தோல் பதனிட்டு வரும் அன்னோனே தொழிற்சாலையின் சிறப்புச் சரக்கு கன்றுத் தோல். வழவழப்பும் பளபளப்பும் கொண்ட 'பாக்ஸ் காஃப்' என்னும் இத்தோல், விலை உயர்ந்த ஷூக்களுக்கும் கைப்பைகளுக்கும் போகிறது.

தோல் எப்படித் தயாராகிறது?

உப்பிட்டு வரும் பச்சைத் தோலை முதலில் நீரில் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். பின்பு சுண்ணாம்பில் போட்டு முடியை நீக்கி, உள்பக்கச் சதையைச் சுரண்டி எடுக்கிறார்கள். அடுத்து, சுழலும் பெரிய பீப்பாய்களில் குரோமிய உப்புக் கரைசலுடன் போட்டுப் பதனிடுகிறார்கள். (இந்த முறையில் தோல் பதனிட்ட ஒரு கம்பெனியால்தான் சென்னையின் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே வந்தது.) வெளிவரும் ஈரத்தோல் நீல நிறமாக இருக்கும். அதைத் தரம் பிரித்து, சீரான கனத்துக்குச் சீவி, சாயமும் எண்ணெயும் ஏற்றி, உலர்த்தி, கடைசியாகத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள்.

இவற்றில் வியாபாரத்தின் உயிர்நாடி தரம் பிரித்தல்தான். கன்று உண்ணியால் கடிபட்டிருந்தாலும், வேலிக் கம்பியில் கீறிக்கொண்டிருந்தாலும், உரிப்பவர் கத்தி தவறிப் பட்டிருந்தாலும் தழும்பு தோலில் நின்றுவிடும். மட்டமான தோலின் குறையை அழுத்தமான பூச்சாலோ அச்சு வடிவத்தாலோ மறைக்கலாம். முதல் தரத் தோலில் அப்படி மறைக்க வழியில்லை. அதன் இயற்கையான மேற்பரப்புக்குத்தான் வாடிக்கையாளர் விலை கொடுக்கிறார். எனவே வரும் தோல்களில் ஒரு சிறு பகுதிதான் உயர்ந்த ஷூவுக்குத் தேறுகிறது.

கேட்டாலும் கிடைக்காத சரக்கு

தோலுக்காக யாரும் கன்று வளர்ப்பதில்லை. இறைச்சிக்காக வளர்க்கிறார்கள், தோல் உபபொருள். எள்ளுப் புண்ணாக்குக்குக் கிராக்கி வந்துவிட்டது என்பதற்காக யாரும் செக்கை அதிகம் ஓட்டுவதில்லை அல்லவா? அதே கணக்குத்தான் இங்கும். பிரான்சில் கன்று இறைச்சி உண்பது பல பத்தாண்டுகளாகக் குறைந்து வருகிறது. ஆடம்பரப் பொருள்களுக்கான கிராக்கியோ உலகெங்கும் பெருகியது. விலையை ஏற்றினாலும் வரத்து கூடாத நிலை வந்தது.

இதற்கிடையே பழைய தொழிற்சாலைகள் சிலவும் நின்றுபோயின. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849-இல் தோல் தொழிலில் தொடங்கிய ஃப்ராய்டன்பெர்க் நிறுவனத்தின் கன்றுத் தோல், காலணித் தொழிலில் பெயர் பெற்றது. அந்நிறுவனம் மற்றத் தொழில்களில் வளர்ந்து, 2002-இல் தோல் உற்பத்தியைக் கைவிட்டது. அதையே நம்பியிருந்த காலணிக்காரர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

பெரிய நிறுவனங்கள் செய்தது என்ன?

1837-இல் பாரிசில் குதிரைச் சேணம் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய ஹெர்மெஸ் நிறுவனம், 2013-இல் அன்னோனே தொழிற்சாலையையே வாங்கிக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டில், காலணிக்குப் பெயர்போன ரோமான் நகரில் 1803 முதல் நடந்துவந்த ரூ தோல் தொழிற்சாலையை எல்.வி.எம்.ஹெச். குழுமம் எடுத்துக்கொண்டது. விலையைக் குறைத்துத் தரும் இடத்தைத் தேடி அவர்கள் ஓடவில்லை. நல்ல சரக்குத் தரும் இடம் மூடிப்போகாமல் இருக்கப் பணம் போட்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஊற்றுக்கண் ஒரு பெரிய கையில் சேரும்போது, அதே தோலை வாங்கி வந்த சிறிய பட்டறைக்காரருக்கு 'நமக்கு இனி என்ன மிஞ்சும்?' என்ற கவலை எழும். நம்மைப் போன்ற சிறு வணிகர்கள் நிற்பது அந்தப் பட்டறைக்காரரின் இடத்தில்தான்.

நமக்குள்ள பாடங்கள்

1. சரக்கின் மூலத்தை அறியுங்கள். பருப்பு எந்த ஊரில் விளைகிறது, எந்த மில்லில் உடைபடுகிறது, இந்த ஆண்டு விளைச்சல் எப்படி என்பது மண்டிக்காரருக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

2. பாக்கியைச் சொன்ன நாளில் கொடுங்கள். சப்ளையரை விலைக்கு வாங்க நம்மால் முடியாது. அவர் நம்பிக்கையை வாங்க முடியும். தட்டுப்பாடு வரும்போது முதல் மூட்டை நாணயமானவர் கடைக்குத்தான் வரும்.

3. ஒரே இடத்தை நம்பி இராதீர்கள். முக்கியமான சரக்குக்கு இரண்டாவது இடத்திலும் சிறிதளவாவது வாங்கிப் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

4. தரத்தை மறைத்து விற்காதீர்கள். இரண்டாம் தரத்தை இரண்டாம் தரம் என்றே சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

5. சேர்ந்து வாங்குங்கள். பெரிய நிறுவனத்துக்குப் பண பலம் இருக்கிறது. பத்துக் கடைக்காரர்கள் கூடி ஒரே மில்லில் கொள்முதல் செய்தால் அந்த மில்காரரும் பிழைப்பார், நமக்கும் விலை கட்டும்.

கடையின் முன்பக்கம் வாடிக்கையாளரைப் பார்த்து நிற்கிறது. பின்பக்கம் யாரைப் பார்த்து நிற்கிறது என்பதையும் ஒவ்வொரு வணிகரும் அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும்.