ஒருசாலை மாணாக்கர்

கச்சித் திருவிழாவைச் சேவிக்க வரும் அடியார்கள், பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயிலுக்கு அருகேயுள்ள திருப்பாடகத்தையும் சேவித்துச் செல்வர். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான அங்கே, பாண்டவதூதப் பெருமாள் ஏறத்தாழ 25 அடி உயரத்தில் வீற்றிருந்த திருக்கோலத்தில் சேவை சாதிக்கிறார். நிலவறையில் மல்லரை ஒளித்துப் பொய்யாசனம் இட்ட துரியோதனன் முன் எடுத்த விசுவரூபமே இது என்பது தலவரலாறு. பெருமாள் தூது சென்றது போரைத் தவிர்க்க. அப்போரில் உறவினர் மோதியதை யாவரும் அறிவர். இளமைத் தோழர் இருவர் மோதியதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

பரத்துவாச முனிவரின் ஆசிரமத்தில் அவர் மைந்தர் துரோணரும், பாஞ்சால மன்னன் பிருஷதனின் மகன் துருபதனும் ஒன்றாகக் கற்று, ஒன்றாக விளையாடி வளர்ந்தனர். காலம் சென்றது. துருபதன் அரியணை ஏறினான். துரோணரோ, குழந்தை அசுவத்தாமன் பாலுக்கு அழ, மாவு கரைத்த நீரைப் பாலென்று அருந்தக் கண்ட வறியவர். பழைய நட்பை நம்பி அரண்மனை சென்றார். அரசனுக்கும் வறியனுக்கும் நட்பு ஏது என்று கூறி அனுப்பிவிட்டான் துருபதன்.

அந்த ஒரு சொல் ஆறாத புண்ணாயிற்று. துரோணர் தம் மாணாக்கரிடம் குருதட்சிணையாகத் துருபதனையே கேட்டார். அருச்சுனன் அவனைச் சிறைப்பிடித்து வந்தான். பாஞ்சாலத்தின் வடபாதியைத் துரோணர் எடுத்துக்கொண்டு, "இனி நாம் சமம்" என்றார். அவமதிப்புக்கு அவமதிப்பே விடையாயிற்று. துருபதன் துரோணரைக் கொல்லும் மகனை வேண்டி வேள்வி செய்தான். திட்டத்துய்மனும் திரௌபதியும் தோன்றினர். அத்திட்டத்துய்மனுக்கும் துரோணரே வில்வித்தை கற்பித்தார் என்பது வியப்பு.

குருக்ஷேத்திரத்தில் பதினைந்தாம் நாள் துரோணர் துருபதனைக் கொன்றார். அன்றே திட்டத்துய்மன் துரோணரைக் கொன்றான். போர் முடிந்த இரவில் அசுவத்தாமன் திட்டத்துய்மனைக் கொன்றான். பகை தந்தையரோடு ஒழியவில்லை, பிள்ளைகளையும் விழுங்கிற்று.

இக்காலத்தும் இத்தகைய நிலை உண்டு. 1932இல் தேராதூன் இராணுவக் கழகத்தின் முதல் அணியில் பயின்றவர்கள் மானெக்ஷாவும் முகம்மது மூசாவும். 1965ஆம் ஆண்டுப் போரின்போது மூசா பாகிஸ்தான் தரைப்படைத் தலைவர். மானெக்ஷா இந்தியத் தளபதிகளுள் ஒருவர். அவர்களைப் பிரித்தது 1947ஆம் ஆண்டின் நாட்டுப் பிரிவினை. துரோணரையும் துருபதனையும் பிரித்ததோ செருக்கு.

சமமானவரே நண்பராகலாம் என்றான் துருபதன். இவ்வூர்ப் பட்டுத்தறியைக் கண்டவர் அதனை ஒப்பார். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறியில் இருவர் இருந்து நாடா எறிந்து, ஊடையோடு ஊடை கோத்துப் பிணைக்கின்றனர். நிறம் வேறாயினும் பிணைப்பு விடுவதில்லை. சாந்தீபனி முனிவரிடம் உடன்பயின்ற குசேலர் கந்தையோடு வந்தபோது, துவாரகை மன்னனான கண்ணன் எதிர்கொண்டு பாதம் விளக்கி, அவலை விரும்பி உண்டதும் இதனையே உணர்த்தும்.

அன்பர்களே! பேச்சு நின்றுபோன பழைய தோழர் ஒருவர் நம் ஒவ்வொருவருக்கும் இருக்கக்கூடும். முதலில் சென்று பேசுவது தாழ்வு என எண்ணவேண்டா. அண்டங்களை ஆளும் பெருமான் தூதனாய் நடந்ததைத் தாழ்வாகக் கருதவில்லை. அதனையே தன் திருநாமமாக ஏற்றுத் திருப்பாடகத்தில் வீற்றிருக்கின்றான்.

பாண்டவதூதன் திருவடிகளே சரணம்.