மரப்பட்டையும் மாத்திரையும்

முதலில் குளிர் நடுக்கம், பின்பு கடுங்காய்ச்சல், இறுதியில் உடலெல்லாம் வியர்வை. ஒருநாள் விட்டு மீண்டும் அதே துன்பம். நம் முன்னோர் இதனை முறைக்காய்ச்சல் என்றனர். நாம் மலேரியா என்கிறோம். இராமேசுவரம் தீவுக்கு இந்நோய் புதியதன்று. தண்ணீர்த் தொட்டிகளிலும், கிணறுகளிலும், சவுக்குத் தோப்புகளில் நீருக்காகத் தோண்டும் மணற்குழிகளிலும் இதைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுக்கள் முட்டையிடுகின்றன. இந்நோய்க்கு மனிதன் கண்ட மருந்துகளுள் தலைசிறந்த இரண்டு, தாவரங்கள் தந்தவை. அவற்றின் வரலாற்றை அறிவோமா?

சிங்கோனா மரம்

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் வளரும் மரம் சிங்கோனா. அதன் பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரப்பியவர்கள் சேசு சபையார். எனவே, 'சேசு சபையார் பட்டை' என்றே அது பெயர் பெற்றது. நம் ஓரியூரில் புனித அருளானந்தர் உயிர்நீத்த அதே 1693ஆம் ஆண்டில், சீனப் பேரரசர் காங்சியின் காய்ச்சலைச் சேசு சபைக் குருக்கள் இப்பட்டையால் குணப்படுத்தினர். அப்பட்டை புதுச்சேரியிலிருந்து சென்றதாகும்!

ஆனால், பட்டைத்தூளில் ஒரு குறை இருந்தது. ஒரு மரத்தில் மருந்துச் சத்து மிகுதி, மற்றொன்றில் குறைவு. அளவறிந்து கொடுப்பது எப்படி? 1820இல் பெல்லெத்தியே, கவாந்தூ என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் பட்டையிலிருந்து கொயினாவைத் தனியே பிரித்தெடுத்தனர். அதன் பின்னரே மருந்தை நிறுத்துக் கொடுக்க முடிந்தது. 1860ஆம் ஆண்டையொட்டிச் சிங்கோனாக் கன்றுகள் நம் நீலகிரிக்கு வந்தன. நடுவட்டத்தில் கொயினாத் தொழிற்சாலையும் எழுந்தது.

மலேரியாக் கிருமி நம் இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து ஹீமோகுளோபினை உண்கிறது. உண்டபின் மிஞ்சும் இரும்புச் சத்துள்ள கழிவு அதற்கே நஞ்சு. அந்த நஞ்சைப் படிகமாக்கி அது தப்பித்துக்கொள்கிறது. கொயினா அப்படிகம் உருவாகாமல் தடுக்க, கிருமி தன் நஞ்சாலேயே மடிகிறது. இரசாயன முறையில் செய்யப்படும் குளோரோகுயினும் இவ்வழியிலேயே செயல்படுகிறது. நாளடைவில், கொடிய வகையான பால்சிபாரம் கிருமி குளோரோகுயினுக்கு அஞ்சாததாயிற்று.

மரிக்கொழுந்தின் உறவு

அவ்வேளையில் உதவிய செடி, நாம் கூந்தலில் சூடும் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன் சீன மருத்துவர் கே ஹொங் எழுதிய நூலில், அச்செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பருகுமாறு குறிப்பு உண்டு. து யூயூ என்னும் பெண் விஞ்ஞானி அதைப் படித்துச் சிந்தித்தார். காய்ச்சும் சூடே மருந்தை அழிக்கிறதோ? குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரால் சாற்றை இறக்கினார், வெற்றி கிட்டியது. 1972இல் ஆர்ட்டிமிசினின் தனியே பிரிக்கப்பட்டது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நாம் செய்ய வேண்டுவது

செடியில் மருந்து உண்டு என்பதால் செடியே மருந்தாகிவிடாது. மரிக்கொழுந்து மலேரியாவைத் தீர்க்காது. நிலவேம்புக் கசாயம் குடித்துவிட்டு மருத்துவரிடம் செல்லாதிருப்பதும் ஆபத்து. அரைகுறை அளவு கிருமியைக் கொல்லாது. மருந்தை எதிர்க்கவே அதைப் பழக்கும். அதனால்தான் ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகள் வேறொரு மருந்துடன் சேர்த்தே வழங்கப்படுகின்றன.

வைவாக்ஸ் என்னும் மற்றொரு வகைக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து, பல வாரங்கள் கழித்தும் மீண்டும் தாக்கும். அதை ஒழிக்கவே பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் கொடுக்கின்றனர். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டதென்று மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும். கொசு அதனை அண்டை வீட்டுக்கும் கொண்டு செல்லும்.

ஆகவே, குளிர்காய்ச்சல் கண்டால் உடனே இரத்தப் பரிசோதனை செய்வோம். தந்த மாத்திரைகளை, மருத்துவர் குறித்த நாள்வரை உண்போம். தண்ணீர்த் தொட்டியை மூடி வைப்போம். படித்ததை இன்றே வீட்டாருக்கும் எடுத்துரைப்போம்!